மாட்டுக்குப் போன சத்து

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மாடு வைத்துப் பால் ஊற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். சாயங்காலமானால் ஒரு வாளியோடு வந்து, நான் வாசலில் வைத்திருக்கும் கழனித்தண்ணியையும் காய்கறித் தோலையும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "ஒங்க வீட்டு வாளின்னா என் மாடு தலைய நிமுத்தாமக் குடிக்குது. அப்படி என்னத்தப் போடுறீக?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அது பெருமைப்படுகிற விஷயமில்லை என்று தெரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதக் கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன். என்னைப் போல நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்து கொண்டிருப்பவர் வேறு யாராவது இருந்தால், அவர்களுக்கு உபயோகப்படட்டும்.

2023-ஆம் வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு ஒரே களைப்பு. அவர் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். வயது ஐம்பத்தொன்று. "கூட்டத்துல நின்னது, வெயில்ல அலைஞ்சது" என்று விட்டுவிட்டோம். ஆனால் ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பதும், உள்ளங்கால் எரிகிறது என்பதும் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தோம். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டபின் 262, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 8.4.

டாக்டர் மாத்திரை எழுதினார். "சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு இதே சர்க்கரை வியாதியில் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டி வந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்தவர் இவர்தான். அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் தன் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து அடுக்களை என் கைக்குள் வந்தது. வெள்ளைச் சீனி டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். காப்பிக்குக் கருப்பட்டி. காலையில் இட்லியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி. அதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. கேழ்வரகை ஊறவைத்து, ஆட்டி, வெள்ளைத் துணியில் பிழிந்து பாலெடுத்து, திப்பியை ஒதுக்கிவிட்டு, கைவிடாமல் கிண்டி, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி காய்ச்சிக் கொடுத்தேன். பதினொரு மணிக்குக் குடிக்கச் சாத்துக்குடி ஜூஸ் பாட்டிலில். அதில் ஒரு விதை, ஒரு சுளைத்தோல் இருக்காது. ராத்திரிக்குச் சப்பாத்தி, மாவைச் சல்லடையில் இரண்டு தரம் சலித்து, தவிட்டை எடுத்துவிடுவேன். வாழைத்தண்டுகூட ஜூஸாக அடித்து வடிகட்டித்தான். திப்பி, சக்கை, தவிடு எல்லாம் வாசல் வாளிக்குப் போயின. மாடு தலையை நிமிர்த்தாமல் குடித்ததில் ஆச்சரியம் என்ன?

ஆடி மாதக் கடைசியில் மறுபடி பரிசோதனை. வெறும் வயிற்றில் 160. சாப்பிட்டபின் 290! மூன்று மாதச் சராசரி 8.9. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? வெளியில ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று இவரைக் கேட்டார். இவர் கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார்: "இல்ல சார். இவ குடுக்குறதத்தான் திங்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

டாக்டர் எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண்தான், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டது. பிறகு ஒரே கேள்விதான் கேட்டது. "அம்மா, நீங்க சமைக்கறப்ப எதையெல்லாம் தூரப் போடுறீங்க?"

திப்பி, சக்கை, தவிடு, கொய்யாத் தோல் என்று சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ உறைத்தது. "நல்லதையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை அய்யாவுக்குக் குடுத்திருக்கீங்க" என்றது அந்தப் பெண். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பெண் ஒரு தாளில் வாயிலிருந்து ஆசனவாய் வரை படம் போட்டு அரைமணி நேரம் விளக்கிச் சொன்னது. பத்தாம் வகுப்பில் நானும் படித்ததுதான். அன்று பரீட்சைக்குப் படித்தேன். இப்போதுதான் மனசுக்குப் போயிற்று.

சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிஷம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். லேசாகத் தித்திக்கும். எச்சிலில் உள்ள என்ஸைம் மாவுச்சத்தை அங்கேயே அறுக்கத் தொடங்கிவிடுகிறது. இரைப்பைக்குப் போனதும் அங்குள்ள அமிலம் அந்த வேலையை நிறுத்திவிடும். பெரிய வேலை நடப்பது சிறுகுடலில். அது ஏறக்குறைய இருபது அடி நீளம். கணையத்திலிருந்து வரும் நீர் மாவுச்சத்தைத் துண்டு துண்டாக்கும். குடல் சுவரில் உள்ள என்ஸைம்கள் அந்தத் துண்டுகளைக் கடைசியில் குளூகோஸாக்கிவிடும். நாம் போடும் சீனி, சுக்ரோஸ் என்பது. அது ஒரு பங்கு குளூகோஸ், ஒரு பங்கு ஃபிரக்டோஸாகப் பிரியும். பாலில் உள்ள சர்க்கரைக்குத் தனி என்ஸைம். வயதாக ஆக அது பலருக்குக் குறைந்துவிடும். அதனால்தான் சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது.

இப்படிப் பிரிந்த குளூகோஸ் குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து உடம்பு முழுவதும். கணையத்திலிருந்து இன்சுலின் சுரந்து அதை உடம்பின் அணுக்களுக்குள்ளே அனுப்ப வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்த இன்சுலின் போதவில்லை, அல்லது உடம்பு அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே குளூகோஸ் மெதுவாக வந்தால் சமாளிக்கலாம். ஒரேயடியாக வந்து கொட்டினால் ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

"ஒங்க கஞ்சி ஒரேயடியாக் கொட்டுது அம்மா" என்றது அந்தப் பெண். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் ஊறவைத்து, நைசாக ஆட்டி, துணியில் பிழிந்ததும் அந்த நார் திப்பியோடு போய்விட்டது. மிஞ்சியது மாவுச்சத்து. அதையும் நன்றாக வேகவைத்துக் கூழாக்கிவிட்டேன். மெல்லவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். குடலுக்கு வேலையே வைக்கவில்லை! சாத்துக்குடியும் அப்படித்தான். ஒரு டம்ளர் ஜூஸுக்கு நாலு பழம் பிழிகிறோம். நாலு பழத்தை உட்கார்ந்து யாராவது தின்பார்களா? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி வெளியிட்ட அறிக்கையில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும் சீனியோடு சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு. குடலுக்குள் போனால் எல்லாம் ஒன்றே. மூன்று மாதமாக நான் பெருமையோடு கலந்து கொடுத்த கருப்பட்டிக் காப்பி நினைவுக்கு வந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நாரு நமக்கு ஜீரணமே ஆகாதே, அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டேன். என் மாமியார் திப்பியைப் பார்த்து எப்போதும், "அது மாட்டுத் தீனி ஆத்தா" என்பார். அதுதான் கேள்வியாக வந்தது.

அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். சோற்றிலுள்ள மாவுச்சத்தும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸ் என்னும் நாரும் ஒரே மணியில் கோத்த மாலைகளாம். இரண்டிலும் மணி குளூகோஸ்தான். மணிகளைக் கோத்திருக்கும் முடிச்சுதான் வேறு. சோற்றின் முடிச்சை அவிழ்க்க நம் உடம்பில் என்ஸைம் உண்டு. வைக்கோலின் முடிச்சை அவிழ்க்க இல்லை. மாட்டுக்கும் அது கிடையாது! மாட்டின் வயிறு நாலு அறை. அதில் முதலாவதான பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, அவைதான் வைக்கோலைப் புளிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன.

நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அது கடைசியில் இருக்கிறது. ஐந்தடி நீளமுள்ள பெருங்குடல். சிறுகுடலில் ஜீரணமாகாத நார் அங்கே போய்ச் சேருகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் அணுக்களுக்கு அந்த அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட்தான் முக்கிய ஆகாரம். புளிக்காத நார், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கிச் சுலபமாக வெளியேற்றுகிறது. இன்னொரு வகை நார், வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அது. சிறுகுடலில் அது ஒரு கூழ்போலப் படர்ந்து, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆக, நமக்கு ஜீரணமாகாத பொருள், ஜீரணமாகிற பொருளுக்குக் கடிவாளமாக இருக்கிறது. நான் கடிவாளத்தைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரையை மட்டும் இவருக்குக் கொடுத்திருக்கிறேன்!

என் மகள் இங்கே கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னதும், அவள் பங்குக்கு இரண்டு விஷயம் சொன்னாள். டெனிஸ் பர்கிட் என்று ஓர் ஐரிஷ் டாக்டர். உகாண்டாவில் பல வருடம் அறுவை சிகிச்சை செய்தவர். அங்குள்ள கிராமத்து ஜனங்கள் நார் நிறைந்த உணவைச் சாப்பிடுகிறார்கள். மேல்நாட்டில் சர்வசாதாரணமான பல குடல் வியாதிகள் அவர்களிடம் அபூர்வமாக இருக்கின்றன என்று கவனித்து, நார்ச்சத்தைத் தள்ளாதீர்கள் என்று 1970-களில் ஊர் ஊராகப் பேசினார். இன்னொன்று நம் வேலூரில் நடந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமகிருஷ்ணா முதலானவர்கள், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு நீரில் சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகைச் சோள மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அதில் உண்டாகும் அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உடம்பு இழுத்துக்கொள்ள உதவின. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ஆம் வருடம் அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் அது வெளிவந்ததாம். ஜீரணமாகாததை வைத்தே வைத்தியம்!

"அப்பிடின்னா பழைய சோறு?" என்று என் மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவருக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மானம் பார்த்த கரிசல் பூமி. சோளமும் கம்பும் குதிரைவாலியும்தான் அவர் சின்ன வயதுச் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளி பொங்கலுக்கு மட்டும். மகள் சிரித்துவிட்டு, "ஆமா அப்பத்தா. வெந்த சோறு ஆறிக் குளுந்து போனா அதுல ஒரு பங்கு மாவு இறுகிப் போகும், சீக்கிரம் ஜீரணமாகாது. ஆனா ஒரு பங்குதான்" என்றாள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று இருந்தது. உண்மையில் அவர் சொல்லவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பழைய சோறும் சோறுதான், அளவு வேண்டும் என்று டயட்டீஷியன் பிறகு சொன்னதை மட்டும் சொல்லி வைத்தேன்.

அதன்பிறகு அடுக்களையில் செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். கேழ்வரகைத் திப்பியோடு அரைத்து அடை, இல்லாவிட்டால் கட்டியாகக் களி. கூடவே முருங்கைக்கீரையோ பருப்போ. கஞ்சி கிடையாது. கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்து, சலிக்காமல் பிசைகிறேன். முதல் வாரம் சப்பாத்தி முரடாக இருக்கிறது என்று மகன் முணுமுணுத்தான். வெந்நீரில் பிசைந்து அரைமணி ஊறவிட்டதும் சரியாகிவிட்டது. மத்தியானச் சோறு ஒரு கிண்ணம், காய் இரண்டு கிண்ணம். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோறு. சோழவந்தானிலிருந்து வாழைத்தண்டு வரும்போது வாங்கி, மோரில் நறுக்கிப் போட்டுப் பாசிப்பருப்போடு பொரியல், ஜூஸ் இல்லை. பதினொரு மணிக்கு ஜூஸ் பாட்டிலுக்குப் பதிலாக ஆயக்குடிக் கொய்யாக்காய் ஒன்று, தோலோடு. நூறு கிராம் கொய்யாவில் நார் எட்டு கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது நார் வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. கொய்யா ஒன்று, கீரை, அவரைக்காய், பயறு, ஒருவேளை கேழ்வரகு என்று கூட்டினால் பெரிய செலவில்லாமல் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. கருப்பட்டி டப்பாவும் சீனி டப்பாவுக்குத் துணையாகப் பரணுக்கு ஏறியது.

ஆனால் ஒரு அவசரம் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். இவருக்கு வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, "கடையில நாலு பேரோட உக்கார முடியல" என்று புலம்பிவிட்டார். அதற்கும் காரணம் உண்டாம். பழக்கமில்லாத பாக்டீரியாக்களுக்கு ஒரேயடியாகத் தீனி போட்டால் காற்று நிறைய உண்டாகும். அத்தோடு, ஆவணியில் டாக்டர் புதிதாகச் சேர்த்த மாத்திரையும் ஒரு காரணம். மாவுச்சத்தை அறுக்கும் குடல் என்ஸைமைக் கொஞ்சம் தடுத்து வைக்கிற மாத்திரை அது. முதல் கவளத்தோடு விழுங்கவேண்டும். அறுபடாத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் காற்று. நாரைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் அதிகம் குடிக்கச் செய்ததும் மூன்று வாரத்தில் அடங்கியது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் ஒன்றை நினைவில் வையுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிப்போனால் சீனி கொடுத்து உடனே பலன் கிடைக்காது, ஏனென்றால் சீனியைப் பிரிக்கும் என்ஸைமும் தடுக்கப்பட்டிருக்கும். குளூகோஸ் பொடிதான் கொடுக்கவேண்டும். இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கிறது.

கார்த்திகையில் பரிசோதனை. வெறும் வயிற்றில் 124, சாப்பிட்டபின் 178, மூன்று மாதச் சராசரி 7.2. டாக்டர் "பரவாயில்லையே!" என்றார். இது நார்ச்சத்தால் மட்டும் நடந்ததென்று சொல்லமாட்டேன். புது மாத்திரை இருக்கிறது. தினமும் விடிகாலையில் வைகைக் கரைப் பக்கம் அரைமணி நடக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுக் களி தின்றால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் நாரைக் கூட்டவும் கூடாது.

நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குமேல் சர்க்கரை வியாதி என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு சொல்லிற்று. இன்னும் பதின்மூன்று கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்களாம். அந்தப் பத்துக் கோடியில் ஒருவர் நம் வீட்டிலும் இருக்கிறார் என்றால், அவர் கையில் நாம் கொடுக்கும் தட்டைக் கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டாமா? பிரியம் மட்டும் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். பிரியத்தோடுதான் துணியில் பிழிந்தேன்.

போன வாரம் பால்கார அக்கா வாளியை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, இப்பல்லாம் வெறும் தண்ணியாத்தான் இருக்கு. என் மாடு மூஞ்சியத் திருப்பிக்கிடுது" என்று குறைப்பட்டுக்கொண்டார். உள்ளே இவர் தட்டில் திப்பியோடு அரைத்த கேழ்வரகு அடை. மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ குடுக்குறதத்தான் திங்கிறேன்" என்றார்.

இந்தத் தடவை அது எனக்கு வலிக்கவில்லை.